முகங்களுக்கு இட்ட மதிப்பெண்கள்

விடைத்தாளில் பெயர் இருக்கலாகாது, எண் மட்டுமே இருக்க வேண்டும் என்பது தேர்வு நெறி. எழுதியவர் யாரென்று திருத்துகிறவர் அறியாதிருப்பதே நடுநிலை என்று கருதிச் செய்த ஏற்பாடு அது. ஆயினும் திருத்தி முடித்தபின் அந்த எண்ணுக்கு உரிய பெயரைத் தேடியெடுத்து, மதிப்பெண்ணை உரியவரிடம் சேர்த்த பிறகே தேர்வு முடிந்ததாகக் கொள்வார்கள். இந்த இரண்டாவது வேலையை அடியோடு விட்டுவிட்ட ஒரு தேர்வை எண்ணிப் பாருங்கள். ஒருத்தி எழுதுகிறாள், பக்கத்து இருக்கையில் அழகாக உடுத்தி அமர்ந்திருப்பவளுக்கு முதல் வகுப்புக் கிடைக்கிறது. எந்தக் கல்லூரியிலாவது இப்படி நடந்தால் மறுநாளே வாயிற்கூட்டம் போடுவோம். 1990க்கும் 1994க்கும் இடையில் உலகெங்கும் விற்றுத் தீர்ந்த ஆங்கில பாப் பாடல்களைத் தூசு தட்டி எடுத்து, ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு எழுதப்படும் கட்டுரைகளில் இதுதான் நடக்கிறது. நாம் ரசித்துச் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போகிறோம்.

இவ்வகைக் கட்டுரைக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. முதலில் நிர்வாணா குழுவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பாடலுக்கு எழுந்து நின்று ஒரு வணக்கம். (அப்பாடல் அமெரிக்கத் தரவரிசையில் ஆறாம் இடத்தையும் பிரிட்டனில் ஏழாம் இடத்தையும் தாண்டவில்லை. விற்பனை உச்சத்தைப் பற்றிய கட்டுரைக்குள் அது எப்படி நுழைந்தது என்று கேட்டால் நம்மை ரசனை இல்லாதவர் என்பார்கள்.) அடுத்து வனிலா ஐஸின் தலைமுடியைப் பற்றி ஒரு நையாண்டி. ஸ்னாப் குழுவின் ‘ரிதம் இஸ் எ டான்சர்’ பாடலில் வரும் புற்றுநோய் உவமையைச் சுட்டி ஒரு சிரிப்பு. பிரையன் ஆடம்ஸ் பெயரைச் சொல்லி ஒரு கொட்டாவி. மீதமுள்ள நடனப் பாடல்கள் அனைத்தையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டு, வெளியே சொல்ல வெட்கப்பட வேண்டிய ரசனை என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் கட்டுரை முடிந்தது.

கேலியில் நமக்கு மறுப்பில்லை. அந்த உவமை மோசமான உவமைதான்; அணியிலக்கணம் நடத்தும் எவரும் அதை மன்னிக்க இயலாது. நமது வழக்கு வேறு. மதிப்பெண் யாருக்கு இடப்படுகிறது என்பதே நம் கேள்வி. பாடலின் மேலுறையில் இருக்கும் முகத்துக்கா, காணொளியில் வாயசைத்தவருக்கா, ஒலிக்கூடத்தில் பாடிவிட்டு வீட்டுக்குப் போனவருக்கா? அந்த ஐந்தாண்டு பாப் இசையில் இந்த மூவரும் ஒருவராகவே இருப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இதை அறிந்துகொண்டே, அறியாதவர்போல் முகத்துக்கு மதிப்பெண் இடுகிறவர்கள், அன்று நிகழ்ந்த ஒரு களவுக்கு இன்று ரசீது எழுதிக் கொடுக்கிறார்கள்.

நம் தலைமுறைக்கு இது தொலைவில் நடந்த சங்கதி அன்று. 1991இல் ஸ்டார் செயற்கைக்கோள் வழியாக எம்டிவி ஆசியாவுக்குள் வந்தது. தெருமுனைக் கேபிள்காரர் இழுத்துக் கட்டிய கறுப்பு வடத்தின் வழியே அது நம் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. வானொலியிலும் ஒலிநாடாவிலும் பாட்டைக் கேட்டு வளர்ந்த காதுகள், முதன்முறையாக மேற்கத்தியப் பாடலைப் பார்த்துக் கேட்கத் தொடங்கின. பார்ப்பது முந்திக்கொண்டது. ‘கானா மேக் யூ ஸ்வெட்’ என்று உச்சத்தில் வெடிக்கும் அந்தப் பெண்குரல், ஒல்லியான, துடிப்பான ஓர் இளம்பெண்ணின் வாயிலிருந்து வருவதாகத் திரையில் காட்டப்பட்டது. அவர் ஸெல்மா டேவிஸ். அந்தக் குரல் மார்த்தா வாஷ் என்பவருடையது.

மார்த்தா வாஷ் அப்போது அறிமுகமில்லாத புதுமுகமும் அல்லர். எழுபதுகளில் சில்வெஸ்டருக்குப் பின்னணி பாடியவர். இசோரா ஆர்ம்ஸ்டெட் என்ற தோழியுடன் ‘த வெதர் கேர்ல்ஸ்’ என்ற பெயரில் 1982இல் ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ பாடியவர். தேவாலயப் பாடகர் குழுக்களின் மரபில் முதிர்ந்த குரல். நெஞ்சின் அடியிலிருந்து எழுந்து கூரையில் மோதும் குரல். 1990இல் பிளாக் பாக்ஸ் என்னும் இத்தாலிய நடன இசைக்குழு அக்குரலை ‘எவ்ரிபடி எவ்ரிபடி’, ‘ஸ்ட்ரைக் இட் அப்’, ‘ஐ டோன்ட் நோ எனிபடி எல்ஸ்’ ஆகிய பாடல்களில் பயன்படுத்தியது. காணொளியில் வாயசைத்தவர் கேத்ரின் கினோல் என்ற விளம்பர அழகி. முதலிரண்டும் அமெரிக்கத் தரவரிசையில் எட்டாம் இடம்வரை ஏறின. அதே வேளையில் ராபர்ட் கிளிவில்லெஸ், டேவிட் கோல் இருவரின் ‘சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி’ அதே குரலை எடுத்துக்கொண்டு, 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தது. ஒலிக்கூடத்தில் ஒருமுறை பாடியதற்கான கூலி கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை, முகம் காட்ட இடமும் கிடைக்கவில்லை. தம் உடற்பருமன் காணொளிக்கு ஒவ்வாது என்று கருதியதே காரணம் என்று வாஷ் பல நேர்காணல்களில் கூறியிருக்கிறார்.

அவர் வழக்குத் தொடர்ந்தார். பிளாக் பாக்ஸ் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆர்சிஏ நிறுவனத்துடன் அவருக்குத் தனி ஒப்பந்தம் கிடைத்து, 1993இல் அவர் பெயரிலேயே ஓர் ஆல்பம் வந்தது. மற்றொரு வழக்கு 1994இல் தீர்ந்தது. அவ்வாண்டு அதே ‘சி அண்ட் சி’ குழு ‘டூ யூ வான்னா கெட் ஃபங்கி’ பாடலுக்கு அவரைத் திரும்ப அழைத்தபோது, பெயரும் அச்சிடப்பட்டது, முகமும் காட்டப்பட்டது. பாடியவரின் பெயரை உறையில் அச்சிட வேண்டும் என்னும் ஒழுக்கம் இசை நிறுவனங்களுக்குள் வேரூன்றியதில் அவர் தொடர்ந்த வழக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸெல்மா டேவிஸும் பாடத் தெரியாதவர் அல்லர் என்பதை நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும். அந்த ஆல்பத்தின் ‘ஹியர் வீ கோ’ போன்ற பாடல்களில் அவர் தம் குரலிலேயே பாடியிருக்கிறார். பாடத் தெரிந்த ஒருத்தியின் வாயில் இன்னொருத்தியின் குரலைப் பொருத்தியதில், இருவரும்தான் இழந்தார்கள்.

இந்த இடத்தில் நம் சிற்றிதழ் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவதை எதிர்பார்க்கிறோம். “பிரதிதான் முக்கியம், யார் பாடினால் என்ன? ஆசிரியன் இறந்து அரைநூற்றாண்டு கடந்துவிட்டதே” என்பார்கள். ரோலான் பார்த் 1967இல் எழுதிய ‘ஆசிரியனின் மரணம்’ கட்டுரையைத் தமிழில் மேற்கோள் காட்டாதவர் குறைவு. அதைப் பாடகியின் கூலிக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது மட்டும் பார்த் கனவிலும் காணாதது. அதே பார்த் 1972இல் குரலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குரலுக்கு ஒரு ‘மணி’ உண்டு, அது பாடுகிறவரின் உடல் அந்தக் குரலில் விட்டுச்செல்லும் தடம் என்பது அவர் வாதம். மரத்தை இழைத்தபின்னும் அதன் ரேகை தெரிவதுபோல, பயிற்சியும் இலக்கணமும் எத்தனை இழைத்தாலும் தொண்டை, நாக்கு, மூச்சு, தசை ஆகியவற்றின் ரேகை குரலில் தெரியும் என்று அதை விளங்கிக்கொள்ளலாம்.

இதை வாஷின் மேல் வைத்துப் பாருங்கள். அந்தப் பாடலில் மக்கள் விலை கொடுத்து வாங்கியது எதை? அந்தக் குரலுக்குள் இருந்த உடலை. அந்தப் பெரிய நெஞ்சுக்கூட்டை, அந்த மூச்சின் கனத்தை. எந்த உடல் அவலட்சணம் என்று ஒளித்து வைக்கப்பட்டதோ அதே உடல்தான் ஒலியாகக் கடைதோறும் விற்கப்பட்டது. ஒல்லியான உடலிலிருந்து அக்குரல் எழுந்திராது என்பது தயாரிப்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவேதான் வாஷைப் பாட அழைத்தார்கள். விற்பனைக்கு உதவும் உடல், காட்சிக்கு உதவாத உடல் என்று ஒரே பெண்ணை இரண்டாகக் கிழித்ததுதான் அந்த ஆண்டுகளின் நடன இசை கண்ட வெற்றிச் சூத்திரம். அதைக் காணாமல் தாளக்கட்டு பழசாகிவிட்டது என்று இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் விமர்சனமா?

வாஷ் ஒருவர் மட்டுமா? 1989இன் பிரிட்டன் விற்பனையில் முதலிடம் பெற்ற ‘ரைட் ஆன் டைம்’ பாடலும் பிளாக் பாக்ஸினுடையதே. அதன் குரல் லொலீட்டா ஹாலோவே 1980இல் பாடிய ‘லவ் சென்சேஷன்’ பாடலிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுக்கப்பட்டது; முகம் அதே கினோல். தகராறு எழுந்ததும் ஹெதர் ஸ்மால் என்ற பாடகியைக் கொண்டு குரலை மறுபடி ஒலிப்பதிவு செய்தார்கள். அவருக்கும் பெயர் இல்லை. பின்னாளில் ‘எம் பீப்பிள்’ குழுவில் சொந்த முகத்தோடும் பெயரோடும் அவர் நின்றபோதுதான் உலகம் அவரை அறிந்தது. ‘பம்ப் அப் த ஜாம்’ பாடலின் உறையில் ஃபெலி என்ற அழகி. பாடியவர் யா கிட் கே. ‘த பவர்’ பாடலை நினைவுபடுத்தும் அந்த ஒற்றை முழக்கம் ஜோசலின் பிரௌன் 1985இல் பாடிய பாடலொன்றிலிருந்து வந்தது. கொரோனா குழுவின் (பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம், இது இத்தாலிய இசைக்குழு) ‘த ரிதம் ஆஃப் த நைட்’ காணொளியில் ஆடுபவர் ஒல்கா சோசா. பாடியவர் ஜென்னி பி.

இதை நிறவெறி என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடவும் வழியில்லை. குரல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் என்பது உண்மை. முகமாக நிறுத்தப்பட்டவர்களிலும் கறுப்பினப் பெண்கள் பலர் என்பதும் உண்மை. வயது, எடை, தோற்றம் ஆகியவற்றை அளக்கும் ஒரு தராசு அங்கே இருந்தது. அந்தத் தராசில் தேறியவருக்குக் காட்சியும், தேறாதவருக்கு ஒலிக்கூடத்துக் கூலியும் பங்கிடப்பட்டன.

இனி மிலி வனிலி. இவர்கள் பெயரைச் சொன்னாலே சிரிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியான், ராப் பிலாட்டஸ், ஃபாப் மோர்வான் என்ற இரு நடன இளைஞர்களை முன்னிறுத்தி, சார்ல்ஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹாவல் ஆகியோரைப் பாட வைத்தார். 1989இல் மட்டும் மூன்று பாடல்கள் அமெரிக்காவில் முதலிடம் பெற்றன. 1990 பிப்ரவரியில் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உண்மை வெளிப்பட்டு, விருது திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் நடந்தவற்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் வழக்குப் போட்ட ரசிகர்களுக்கு விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஏற்பாடாயிற்று. வாங்கியவருக்குப் பணம் திரும்பியது. பாடியவருக்குப் புகழ் திரும்பவில்லை. ஃபாரியான் உண்மையில் பாடியவர்களைக் கொண்டு 1991இல் ‘த ரியல் மிலி வனிலி’ என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார். பழைய வெற்றியில் ஒரு சிறு பங்குகூட அதற்கு வாய்க்கவில்லை. பிலாட்டஸ் 1998இல் ஃபிராங்ஃபர்ட் அருகே விடுதியொன்றில் இறந்து கிடந்தார். ஃபாரியானோ அதற்குள் ‘லா பூஷ்’ குழுவைத் தயாரித்து மறுபடி வெற்றி கண்டிருந்தார். போனி எம் காலத்திலேயே பாபி ஃபாரெல் மேடையில் ஆட, ஆண்குரலைத் தாமே பாடிப் பதிவு செய்தவர் அவர்; தொழில் அவருக்குப் புதிதில்லை. இருந்தும் தரவரிசைக் கட்டுரைகளில் கேலிக்குரியவர்கள் அந்த இரண்டு இளைஞர்களே. கயிற்றைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, பொம்மையைப் பார்த்துச் சிரிப்பது எளிது, ஆபத்தும் இல்லை.

“எல்லாம் சரி, திரையில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவதை நாம் காலங்காலமாக ரசிக்கிறோமே, மேற்கத்தியர் செய்தால் மட்டும் குற்றமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பின்னணிப் பாடல் என்பது மறைவான ஏற்பாடு இல்லை. டி.எம்.சௌந்தரராஜன் பாடுகிறார், சிவாஜி கணேசன் நடிக்கிறார் என்பது தெரிந்தே நாம் இருவரையும் ரசித்தோம். வானொலி அறிவிப்பாளர் படத்தின் பெயருக்கு அடுத்தபடி பாடியவர் பெயரைச் சொன்னார். அந்த ஒழுக்கமும் தானாக வந்ததன்று என்பதை மறக்கலாகாது. 1949இல் வந்த ‘மஹல்’ என்ற இந்திப் படத்தின் இசைத்தட்டில் பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கதாபாத்திரத்தின் பெயர்தான் அச்சாகியிருந்தது. பாடியவர் லதா மங்கேஷ்கர். முகமும் குரலும் வேறுவேறாக இருப்பதில் பொய் இல்லை. பெயரை மறைப்பதில்தான் பொய் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள மேற்கைவிட நமக்குப் பயிற்சி அதிகம். நமக்கே இது புலப்படவில்லை என்றால் யாருக்குப் புலப்படும்?

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தொகை நூல்களைத் தொகுத்தவர்களின் கையில் பாட்டு இருந்தது, பாடியவர் பெயர் இல்லாமல் போனதும் உண்டு. கையிலிருந்த செல்வாக்கான ஒரு புலவர் பெயரை அதன் தலையில் கட்டிவிட அவர்களுக்கு எத்தனை வசதி! அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பாட்டுக்குள்ளிருந்தே ஒரு சொற்றொடரை எடுத்து அதையே பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர், குப்பைக் கோழியார் என்று இன்றும் நாம் வகுப்பில் உச்சரிக்கும் பெயர்கள் அவ்வாறு வந்தவை. பெயர் அறியப்படாத இடத்தில்கூட, பெயருக்கான இருக்கையைக் காலியாகவோ பிறருக்காகவோ விடக்கூடாது என்ற கூச்சம் அவர்களுக்கு இருந்தது. மார்த்தா வாஷின் பெயர் தெரிந்திருந்தும், காசோலையில் எழுதப்பட்டிருந்தும், உறையில் வரவில்லை.

விற்பனை எண்ணிக்கையே மக்கள் தீர்ப்பு என்று வாதிடுகிறவர்களுக்கு அதிக இடம் ஒதுக்க வேண்டியதில்லை. பில்போர்ட் இதழின் ஆல்பம் பட்டியல் 1991 மே மாதத்தில்தான் கடைகளில் பட்டைக்கோடு வருடிக் கணக்கெடுக்கும் முறைக்கு மாறியது. ஒற்றைப்பாட்டுகளின் பட்டியல் அவ்வாண்டு நவம்பர் இறுதியில். அதுவரை கடைக்காரர்கள் சொன்னதுதான் கணக்கு. எம்.சி. ஹாமரின் ‘யூ கான்ட் டச் திஸ்’ பாடலைக் கேட்காத காது 1990இல் இல்லை எனலாம்; ஆனாலும் அமெரிக்கத் தரவரிசையில் அது எட்டாம் இடத்தோடு நின்றது. அங்கே அதைப் பன்னிரண்டு அங்குலத் தட்டாக மட்டுமே விற்றார்கள். வேண்டியவர் முழு ஆல்பத்தை வாங்கியாக வேண்டும். ஆல்பம் 21 வாரம் முதலிடத்தில் இருந்தது. எந்தப் பாடல் எவ்வளவு விற்கும் என்பதைக் கேட்பவர் மட்டுமே தீர்மானித்ததாக நம்புவதற்கு நல்ல மனம் வேண்டும்.

ஹாமரின் பாடலை இழுத்துச் செல்லும் அந்த இசைத்துணுக்கு ரிக் ஜேம்ஸ் 1981இல் செய்த ‘சூப்பர் ஃப்ரீக்’ பாடலினுடையது. வழக்கு வந்தது, ஜேம்ஸ் இணை ஆசிரியராகச் சேர்க்கப்பட்டார், அப்பாடலுக்குக் கிடைத்த கிராமியிலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. ‘ஐஸ் ஐஸ் பேபி’ 1990 நவம்பரில் அமெரிக்கப் பொதுத் தரவரிசையின் முதலிடத்தை எட்டிய முதல் ஹிப் ஹாப் பாடல். அதன் அடிநாதம் குயீன் குழுவும் டேவிட் போவியும் 1981இல் செய்த ‘அண்டர் பிரஷர்’ பாடலினுடையது. அங்கும் பின்னர் பெயர் சேர்ந்தது. கவனியுங்கள்: இசைத்துணுக்கு என்றால் பதிப்புரிமை பேசுகிறது, இயற்றியவர் பெயர் விரைந்து வந்துவிடுகிறது. பாடிய தொண்டை என்றால் வழக்குமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. எழுதியவன் உடைமையாளன், பாடியவள் கூலியாள் என்னும் ஏற்பாடு அது. உடைமையின் வலிமையை அறிய வேண்டுமெனில் விட்னி ஹூஸ்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ போதும். எழுபதுகளில் அப்பாட்டை எழுதிப் பாடிய டாலி பார்ட்டன், எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பியபோதும், வெளியீட்டு உரிமையில் பாதியைக் கேட்டதால் மறுத்துவிட்டார். 1992இல் விட்னி பாடி, அமெரிக்காவில் 14 வாரமும் பிரிட்டனில் 10 வாரமும் முதலிடத்தில் இருந்தபோது, அந்த மறுப்பின் பலன் முழுதும் அவரிடம் வந்து சேர்ந்தது. பாடலின் தொடக்கத்தில் கருவி ஏதுமின்றித் தனித்து நிற்கும் விட்னியின் குரலுக்கு ஒன்பது மதிப்பெண் தருவோம். பிற்பகுதியில் கருவிகளெல்லாம் சேர்ந்து நம் தோளைப் பிடித்து உலுக்குவதற்காக ஒன்றைப் பிடித்துக்கொள்வோம்.

பிரையன் ஆடம்ஸ் 1991இல் பிரிட்டனில் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் இருந்தார். அத்தொடர்ச்சியை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை. வெட் வெட் வெட் 1994இல் 15 வாரம் இருந்துவிட்டு, தங்களுக்கே சலித்துப்போய்த் தட்டை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். அப்பாட்டை 1967இல் எழுதிய ரெஜ் பிரெஸ்லி, இதனால் வந்த உரிமைத்தொகையை வயல்களில் தோன்றும் மர்ம வட்டங்களை ஆராய்வதில் செலவிட்டார். பாட்டைவிட அந்தச் செய்திதான் சுவையானது. இரண்டுக்கும் ஐந்து.

அந்த ஆண்டுகளில் முகமும் குரலும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக வந்து நின்ற ஒரு பாடல் உண்டு. சினேட் ஓ’கானரின் ‘நத்திங் கம்பேர்ஸ் டூ யூ’. பிரின்ஸ் எழுதி, ‘த ஃபேமிலி’ குழு 1985இல் வெளியிட்டபோது கவனிக்கப்படாமல் கிடந்த பாட்டு. ஜான் மேபரி இயக்கிய காணொளியின் பெரும்பகுதி ஒரு முகம் மட்டுமே. மழித்த தலை, அகன்ற கண்கள், வழியும் கண்ணீர். பெண்மை தோன்ற இரு என்று இசை நிறுவனத்தார் அறிவுறுத்தியதற்கு எதிர்வினையாகத்தான் தலையை மழித்துக்கொண்டதாக அவர் கூறியிருக்கிறார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு களன்களைச் சொல்வார். அந்த முகத்தில் இழவும் அசைவும் ஒன்றையொன்று துரத்துவதைக் காணலாம். சொந்தக் குரலோடு சொந்த முகத்தைக் கொண்டுவந்தவருக்கு என்ன நேர்ந்தது? 1991இல் தமக்குக் கிடைத்த கிராமியை ஏற்க மறுத்தார். 1992 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில், திருச்சபைக்குள் குழந்தைகள் மீது நிகழ்ந்த கொடுமைகளை எதிர்த்துப் போப்பின் படத்தைக் கிழித்தார். இரண்டு வாரத்திற்குள் மேடிசன் ஸ்குவேர் கார்டன் மேடையில் கூச்சலிட்டு அவரைப் பாடவிடாமல் செய்தார்கள். 2023 ஜூலையில் அவர் மறைந்ததும், அன்று கேலி செய்த அதே ஊடகங்களின் நெடுகிலும் இரங்கல் கட்டுரைகள். வாயசைப்பவரை விரும்பிய தொழிலுக்கு, வாய் திறந்து பேசுபவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்துக்குப் பத்து.

முப்பதாண்டுக்கு முந்தைய பஞ்சாயத்தை இன்று ஏன் இழுக்க வேண்டும் என்போருக்கு: 2023இல் டிரேக், த வீக்கெண்ட் இருவரும் பாடாத ஒரு பாட்டு அவர்கள் குரலில் இணையத்தில் உலவி, பின் அகற்றப்பட்டது. 2024இல் ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு மீட்டெடுத்தார். குடும்பத்தினரின் இசைவு பெற்று, ஊதியமும் தந்ததாக அறிவித்தார். பெயர்களும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டன. இசைவு, ஊதியம், பெயர் என்ற இம்மூன்றும் சேர்ந்து இருக்கையில் நாம் அழகியலைப் பற்றி நிதானமாகச் சண்டையிடலாம். மூன்றும் இல்லாமல் அதே வேலையைச் செய்ய முடியும் என்பதை 1990 நிரூபித்திருக்கிறது. அன்று அதற்கு ஒரு கத்திரியும் ஓர் அழகியும் தேவைப்பட்டார்கள். இன்று கணினி போதும்.

ஆகவே மதிப்பெண் இடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டியலில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேருங்கள்: பாடியவர். மார்க்கி மார்க் என்ற பெயரில் அப்போது ராப் பாடிக்கொண்டிருந்த, பின்னாளில் நடிகரான மார்க் வால்பெர்க், 1991இல் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாடலை வெளியிட்டார். ‘ரைட் ஆன் டைம்’ வெட்டியெடுத்த அதே ‘லவ் சென்சேஷன்’தான் இதற்கும் மூலம். ஆனால் இம்முறை தட்டில் லொலீட்டா ஹாலோவேயின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. காணொளியில் அவரே நின்று பாடினார். அமெரிக்காவில் முதலிடம். வால்பெர்க்கின் ராப் மூன்றுக்கு மேல் பெறாது. அதற்காக யாரும் நம்மிடம் சண்டைக்கு வர வேண்டாம். ஹாலோவேயின் பகுதிக்கு ஒன்பது. அதே குரலுக்கு 1989இல் ‘ரைட் ஆன் டைம்’ பாடலில் பிளாக் பாக்ஸ் கணக்கில் பதிவான ஒன்பதும் அவருக்கே. ‘கானா மேக் யூ ஸ்வெட்’ எட்டு: ஃப்ரீடம் வில்லியம்ஸின் ராப் பகுதிக்கு மூன்று, மார்த்தா வாஷுக்கு ஐந்து. ‘த ரிதம் ஆஃப் த நைட்’ ஏழு, ஜென்னி பி. ‘பிளேம் இட் ஆன் த ரெய்ன்’ நான்கு. அதை பிராட் ஹாவல், ஜான் டேவிஸ் உள்ளிட்ட பாடகர்கள் பிரித்துக்கொள்ளட்டும்.